வேலையில் எது முக்கியம் என்று கேட்டால் வரும் பதில் எவ்வளவு உறுதியானது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலைப் பலன்களை வரிசைப்படுத்துவது என்றால் என்ன?

ஒரு வேலையிலிருந்து நமக்குச் சம்பளம் மட்டும் வருவதில்லை. நாளைக்கும் வேலை இருக்கும் என்ற நம்பிக்கை, பதவி உயர்வு, நல்ல மேலதிகாரி, வீட்டுக்குப் போகும் நேரம், செய்யும் வேலையில் உள்ள சுவை, பாராட்டு என்று பல வருகின்றன. இவற்றில் எது முதலில், எது கடைசியில் என்று ஒருவரைச் சொல்ல வைப்பதுதான் வரிசைப்படுத்தல். மனிதவளத் துறையில் இருப்பவர்கள் இந்தக் கேள்வியைப் படிவமாக நீட்டுகிறார்கள். வீட்டில் பெரியவர்கள் “உனக்கு என்னதான்பா வேணும்?” என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கேள்விதான்.

பதில் எவ்வளவு உறுதியானது என்பதைத்தான் இந்தப் பக்கம் பேசுகிறது. பல வருடமாக இப்படிப்பட்ட படிவங்களை நிரப்பியும் நிரப்பச் சொல்லியும் இருக்கிறேன். அந்த வரிசையை எல்லோரும் அளவுக்கு மேல் நம்புகிறார்கள் என்பது என் கருத்து.

வரிசை சீராக இருக்க வேண்டும் என்று எந்தக் கோட்பாடு சொல்கிறது?

உளவியலாளர் விக்டர் வ்ரூம் 1964இல் ஒரு நூலில் முன்வைத்த எதிர்பார்ப்புக் கோட்பாடு. ஒருவர் ஒரு வேலையில் எவ்வளவு முனைப்புக் காட்டுவார் என்பதை அது மூன்று விஷயங்களின் பெருக்கலாகப் பார்க்கிறது. முயன்றால் வேலை நன்றாக முடியும் என்ற எதிர்பார்ப்பு ஒன்று. நன்றாக முடித்தால் பலன் வந்து சேரும் என்ற நம்பிக்கை இரண்டாவது. அந்தப் பலன் இவருக்கு எவ்வளவு பிடித்தது என்பது மூன்றாவது. இந்த மூன்றாவதற்கு வ்ரூம் வைத்த பெயர் வேலன்ஸ். ஈர்ப்பு மதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பிடித்தால் கூட்டல் எண், பிடிக்காவிட்டால் கழித்தல் எண், இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்றால் பூஜ்யம்.

பெருக்க வேண்டுமென்றால் எண் வேண்டும். எண் கொடுக்க வேண்டுமென்றால் விருப்பங்கள் ஒரு கோட்டில் நிற்க வேண்டும். சம்பளத்தைவிடப் பதவி உயர்வு பிடிக்கும், பதவி உயர்வைவிட வேலை நேரம் பிடிக்கும் என்று ஒருவர் சொன்னால், சம்பளத்தைவிட வேலை நேரம் பிடிக்கும் என்றும் அவர் சொல்லியாக வேண்டும். பிளஸ் ஒன் கணக்குப் புத்தகத்தில் ‘கடப்பு’ என்று படித்திருப்போமே, அதுதான் இது. அவர் மாற்றிச் சொல்லி மூன்றும் வட்டமாகச் சுற்றிக்கொண்டால், அந்த மூன்றுக்கும் எந்த எண்ணைப் போட்டாலும் பொருந்தாது. கூட்டல் பெருக்கலெல்லாம் அங்கேயே நின்றுவிடும்.

மாஸ்லோவும் ஹெர்ஸ்பெர்க்கும் வரிசை பற்றித்தானே பேசினார்கள்?

பேசினார்கள், ஆனால் வேறு மாதிரி. 1943இல் அமெரிக்க உளவியலாளர் ஆபிரகாம் மாஸ்லோ எழுதியது மனிதத் தேவைகளின் பொதுப் படிநிலை. இன்னொரு உளவியலாளரான ஹெர்ஸ்பெர்க்கின் குழுவினர் 1959இல் வெளியிட்ட நூலுக்காகப் பிட்ஸ்பர்க் பகுதியின் 203 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் பேட்டி கண்டு, திருப்தி தருபவை வேறு, அதிருப்தி தருபவை வேறு என்று பிரித்தார்கள். இரண்டுமே எல்லோருக்கும் பொருந்தும் ஒரு வரிசையையோ பிரிவையோ தேடியவை. வ்ரூமுக்கு அப்படிப் பொது வரிசை தேவையில்லை, ஆளுக்கொரு வரிசை இருக்கலாம். அந்த ஆளுக்குள் அது முரண்படாமல் இருந்தால் போதும். கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும் இந்த நிபந்தனைதான் பெரிய சிக்கல்.

ஒரே ஆளுக்குள் வரிசை எப்படிச் சுற்றும்? நடக்கிற காரியமா?

என் சித்தி மகனுக்குப் படிப்பு முடிந்த கையோடு மூன்று வேலை வாய்ப்புகள் வந்தன. ஊர் ராஜபாளையம். முதலாவது சென்னையில் ஒரு பெரிய தனியார் நிறுவனம், மாதம் 42,000. இரண்டாவது ராஜபாளையத்திலேயே ஒரு சின்ன நூற்பாலையில் கணக்குப் பிரிவு, 34,000. மூன்றாவது மதுரையில் ஒரு கூட்டுறவு அமைப்பில் நிரந்தர எழுத்தர் பணி, 28,000. பஸ்ஸில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம்.

திண்ணையில் உட்கார்ந்து, தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்பக்கம் ஒவ்வொன்றாக எழுதினான். இரண்டு தாள்களை மட்டும் முன்னால் வைத்து, “இந்த ரெண்டுல எது?” என்று கேட்டேன்.

சென்னையா, மில்லா? சென்னை என்றான். சம்பளம் அதிகம், பெரிய கம்பெனி, சட்டென்று மூட மாட்டார்கள்.

மில்லா, மதுரையா? மில் என்றான். ஆறாயிரம் கூட, அதோடு வீட்டுச் சாப்பாடு.

சரி, மதுரையா, சென்னையா? கொஞ்சம் யோசித்துவிட்டு மதுரை என்றான். நிரந்தர வேலை, ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம்.

சென்னை மில்லை வென்றது, மில் மதுரையை வென்றது, மதுரை சென்னையை வென்றது. தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவன் குழம்பவில்லை. ஒவ்வொரு பதிலுக்கும் தெளிவான காரணம் சொன்னான். சம்பளம், வீட்டுக்குப் பக்கம், வேலை நிலைப்பு என்று அவன் மனதில் மூன்று அளவுகோல்கள் இருந்தன. ஒவ்வொரு ஜோடியிலும் மூன்றில் இரண்டு எந்தப் பக்கம் சாய்ந்ததோ அந்தப் பக்கம் அவனும் சாய்ந்தான். சாய்ந்த இரண்டு ஒவ்வொரு முறையும் வேறு வேறு இரண்டு. சுற்று அங்கேதான் பிறந்தது.

இதை யாராவது ஆய்வில் காட்டியிருக்கிறார்களா?

1954இல் கென்னத் மே என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது கல்யாணம். 62 கல்லூரி மாணவர்களிடம் மூன்று கற்பனை வரன்களை இரண்டிரண்டாகக் கொடுத்தார். ஒருவர் மிகுந்த புத்திசாலி, பார்க்கச் சுமார், ஓரளவு வசதி. இன்னொருவர் புத்திசாலி, மிக அழகு, ஏழை. மூன்றாமவர் சுமாரான புத்தி, நல்ல தோற்றம், பணக்காரர். 62 பேரில் 17 பேருடைய பதில் சுற்றியது. சுற்றிய அத்தனையும் ஒரே திசையில் சுற்றின. முதலாமவர் இரண்டாமவரையும், இரண்டாமவர் மூன்றாமவரையும், மூன்றாமவர் முதலாமவரையும் வென்றார். கவனக்குறைவால் வந்த தவறு என்றால் இரண்டு திசையிலும் சுற்றியிருக்க வேண்டும். அதனால்தான் இந்த முடிவு எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஒரு கூட்டம் ஓட்டுப் போட்டால் இப்படிச் சுற்றலாம் என்பதைப் பிரான்ஸின் கணித அறிஞர் கோந்தோர்சே 1785இலேயே எழுதிவிட்டார். ஒரே மனிதரின் மனதுக்குள்ளும் அளவுகோல்கள் கூடி ஓட்டுப் போடுகின்றன என்று மே அதை உள்ளே கொண்டுவந்தார்.

எத்தனை சுற்று வந்தால் ஒருவரின் வரிசையை நம்பக் கூடாது?

இதற்கு ஒரு நல்ல கணக்கு இருக்கிறது. 1940இல் மாரிஸ் கெண்டலும் பாபிங்டன் ஸ்மித்தும் கொடுத்தது. பேப்பர் பேனா இருந்தால் போதும்.

ஏழு பலன்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டிரண்டாகக் கேட்டால் 21 கேள்விகள். மூன்று மூன்றாகப் பார்த்தால் 35 கூட்டணிகள். அந்த 35இல் எத்தனை சுற்றுகின்றன என்பதுதான் கணக்கு. அதிகபட்சம் 14 சுற்ற முடியும். ஒன்றும் யோசிக்காமல் காசு சுண்டிப் போட்டுப் பதில் சொன்னால் சராசரியாக 8.75 வரும்.

அன்று ராத்திரியே தம்பியிடம் இதையும் செய்து பார்த்தேன். வேலை நிலைப்பு ஆறு முறை வென்றது, அதாவது தோற்கவே இல்லை. சம்பளம் ஐந்து. வேலையின் தன்மை, மேலதிகாரி, வேலை நேரம் மூன்றும் தலா மூன்று. பதவி உயர்வு ஒன்று. நிறுவனத்தின் பெயர் பூஜ்யம். இனி, ஒவ்வொரு வெற்றி எண்ணையும் அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கிப் பாதியாக்குங்கள். ஆறுக்கு 15, ஐந்துக்கு 10, மூன்றுக்கு 3 வீதம் மூன்று தடவை 9, ஒன்றுக்கும் பூஜ்யத்துக்கும் ஒன்றுமில்லை. மொத்தம் 34. 35இல் 34 போனால் 1. ஆக ஒரே ஒரு சுற்று. 14இல் 1 என்பதை ஒன்றிலிருந்து கழித்தால் 0.93. இதுதான் அவனுடைய சீர்மை எண். 1 என்றால் முழுச் சீர், 0 என்றால் சுற்றக்கூடிய அளவு சுற்றிவிட்டது.

சுற்று எங்கே வந்தது என்று பாருங்கள். வெற்றிகள் 6, 5, 3, 3, 3, 1, 0. உச்சியில் தெளிவு, அடியில் தெளிவு, நடுவில் மூன்றும் ஒன்றையொன்று வென்று சுற்றுகின்றன. நான் பார்த்த பெரும்பாலான தாள்கள் இப்படித்தான் இருந்தன. எது இல்லாமல் இருக்க முடியாது என்றும் எது தேவையே இல்லை என்றும் மனிதர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நடுவில் இருப்பதைத்தான் அன்றன்றைக்கு முடிவு செய்கிறார்கள்.

அப்படியானால் சாதாரணப் படிவங்களில் இந்தச் சுற்றுகள் ஏன் தெரிவதில்லை?

படிவம் அதற்கு இடமே கொடுக்காது. “கீழே உள்ள பத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்துக” என்றால் கண்டிப்பாக ஒரு வரிசை வந்துதான் தீரும். நேர்க்கோட்டில்தான் எழுத முடியும் என்ற தாளில் வட்டம் எப்படி வரும்? வந்த வரிசையைப் பார்த்து ‘ஊழியர்கள் தெளிவாக இருக்கிறார்கள்’ என்று அறிக்கை எழுதுவது, தாளின் குணத்தை மனிதரின் குணமாக எடுத்துக்கொள்வதுதான். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் என்று கேட்பது இன்னும் மோசம். எல்லாவற்றுக்கும் நாலு, அஞ்சு என்று போட்டுவிட்டு எழுந்து போய்விடுவார்கள்.

சுற்றைக் காட்டுவது ஜோடி ஒப்பீடு மட்டும்தான். வேலை கொஞ்சம் அதிகம், ஆனால் ஏழு பலனுக்கு 21 கேள்வி என்பது பத்து நிமிடம்.

ஆளுக்கு ஆள் வரிசை எவ்வளவு மாறும்?

நிறைய. அமெரிக்காவில் 1946இல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில், பத்துப் பலன்களில் தொழிலாளர்கள் முதலிடம் கொடுத்தது செய்த வேலைக்கு முழுப் பாராட்டு. சுவையான வேலைக்கு ஆறாவது இடம். கென்னத் கோவாக் அதே பட்டியலை 1980களில் மறுபடி கேட்டபோது சுவையான வேலை முதலிடத்துக்கு வந்துவிட்டது, பாராட்டு இரண்டாவது. நல்ல சம்பளம் இரண்டு காலத்திலும் ஐந்தாவது.

இரண்டு முறையும் மேற்பார்வையாளர்களிடம், “உங்கள் ஆட்கள் எதற்கு முதலிடம் கொடுப்பார்கள்?” என்று கேட்டார்கள். சம்பளம் என்றார்கள். அடுத்தது வேலை நிலைப்பு. நாற்பது வருடத்தில் தொழிலாளர்களின் வரிசை மாறியும் மேற்பார்வையாளர்களின் ஊகம் மாறவில்லை. தனக்குக் கீழே வேலை செய்பவரைப் பற்றி மனதில் வைத்திருக்கும் படம் எவ்வளவு பழையது என்று இதைப் படிக்கும்போதெல்லாம் தோன்றும்.

ஆனால் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். கோவாக் விடைகளை வருமானப்படியும் வயதுப்படியும் பிரித்துப் பார்த்தபோது, மிகக் குறைந்த வருமானக்காரர்களும் முப்பது வயதுக்குக் கீழே உள்ளவர்களும் சம்பளத்தைத்தான் முதலில் வைத்திருந்தார்கள். ‘சம்பளம் ஐந்தாவது இடம்தான்’ என்று மேடையில் சொல்பவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிடுகிறார்கள். மாதக் கடைசியில் கடன் வாங்கும் ஒருவரிடம் அந்தச் சராசரியைக் காட்டுவது அநியாயம்.

மக்கள் உண்மையைத்தான் சொல்கிறார்களா?

மினியாபொலிஸில் ஒரு எரிவாயு நிறுவனத்தில் க்ளிஃபர்ட் ஜர்கென்சன் முப்பது வருடம், 1945 முதல் 1975 வரை, வேலைக்கு விண்ணப்பித்தவர்களிடம் பத்து விஷயங்களை வரிசைப்படுத்தச் சொன்னார். மொத்தம் 56,000 பேருக்கு மேல். ஆண்கள் வேலை நிலைப்பை முதலில் வைத்தார்கள், சம்பளம் ஐந்தாவது. பெண்கள் வேலையின் தன்மையை முதலில் வைத்தார்கள், சம்பளம் ஏழாவது.

அப்புறம் அதே ஆட்களிடம், உங்களைப் போன்ற வயதும் படிப்பும் உள்ள இன்னொருவர் எப்படி வரிசைப்படுத்துவார் என்று கேட்டார். ஆண், பெண் இரு தரப்பிலும் சம்பளம் முதலிடத்துக்குத் தாவியது.

பொய் சொல்கிறார்கள் என்று இதை எடுத்துக்கொள்ள எனக்கு மனமில்லை. வேலை கேட்டு வந்த இடத்தில் காசுதான் முதல் என்று சொல்லக் கூச்சம். பணத்தாசை பிடித்தவன் என்று பெயர் வாங்க யாருக்குப் பிடிக்கும்? அடுத்தவரைப் பற்றிச் சொல்லும்போது அந்தக் கூச்சம் இல்லை. சாரா ரைன்ஸும் சக ஆய்வாளர்களும் 2004இல் இதைத்தான் அழுத்திச் சொன்னார்கள். சொல்லும்போது சம்பளத்துக்கு இருக்கும் இடம் வேறு, நடந்துகொள்ளும்போது இருக்கும் இடம் வேறு. எட்வின் லாக் குழு 1980இல் தொகுத்த கள ஆய்வுகளில், ஒவ்வொருவருக்கும் தனித்தனியே தரும் ஊக்கத்தொகையால் உற்பத்தி சுமார் 30 சதவீதம் கூடியிருந்தது. முடிவெடுப்பதில் ஊழியரைச் சேர்த்துக்கொண்டதால் கூடியது ஒரு சதவீதம்கூட இல்லை.

‘சம்பளம்’ என்று ஒற்றைச் சொல்லாகக் கேட்பது சரியா?

சரியில்லை. எவ்வளவு சம்பளம்? ஐநூறு ரூபாய் கூடுமா, இருபதாயிரம் கூடுமா? ‘சம்பளமா, நேரமா’ என்றால் கேட்கப்பட்டவர் தன் மனதில் ஏதோ ஒரு தொகையை வைத்துக்கொண்டு பதில் சொல்கிறார். அடுத்த ஜோடியில் வேறு தொகை. வரிசை ஆடுவதற்கு இதுவே போதும்.

சின்ன வித்தியாசங்களை நாம் கண்டுகொள்ளாததும் ஒரு காரணம். 1956இல் டங்கன் லூஸ் சொன்ன காபி உதாரணம் எனக்கு மிகவும் பிடித்தது. 401 கோப்பை காபி. முதல் கோப்பையில் ஒரு கட்டிச் சர்க்கரை, கடைசியில் ஐந்து கட்டி. நடுவில் ஒவ்வொன்றிலும் கட்டியில் நூற்றில் ஒரு பங்கு கூடிக்கொண்டே போகிறது. பக்கத்துப் பக்கத்துக் கோப்பைகளில் எது பிடிக்கிறது என்றால் யாராலும் சொல்ல முடியாது, இரண்டும் ஒன்றுதான் என்பார்கள். ஆனால் முதல் கோப்பையையும் கடைசிக் கோப்பையையும் கொடுத்தால் எது வேண்டும் என்று உடனே சொல்லிவிடுவார்கள். சம்பளத்தில் நூறு நூறு ரூபாயாகக் கூட்டினாலும் இதே கதைதான்.

இந்தச் சுற்றுகள் வெறும் கைநடுக்கமாக இருக்கலாமே?

பல நேரம் அப்படித்தான். ஆமோஸ் ட்வெர்ஸ்கி 1969இல் ஐந்து பந்தயங்களை வைத்துச் சோதித்தார். பரிசு 5 டாலரிலிருந்து கால் கால் டாலராகக் குறைந்து 4க்கு வரும், ஜெயிக்கும் வாய்ப்பு அதற்கேற்ப 24இல் 7லிருந்து 11 வரை ஏறும். அடுத்தடுத்த பந்தயங்களில் வாய்ப்பின் சின்ன வித்தியாசத்தைக் கவனிக்காமல் பெரிய பரிசை எடுத்தார்கள். முதலும் கடைசியும் முன்னால் வந்ததும் வாய்ப்பைப் பார்த்து மாறிக்கொண்டார்கள். ஆனால் இப்படிச் சுற்றக்கூடியவர்கள் என்று தோன்றிய எட்டுப் பேரைத்தான் அவர் 18 பேரிலிருந்து பொறுக்கி எடுத்திருந்தார்.

மைக்கேல் ரெகன்வெட்டரும் சக ஆய்வாளர்களும் 2011இல் இந்த வகை ஆய்வுகளை மறுபடி எடைபோட்டார்கள். ஒருவரின் மனதில் நேரத்துக்கு நேரம் வரிசை மாறலாம், அந்தந்த நேரத்தில் அது சீராகவே இருக்கலாம், மாறும் வரிசைகளைச் சேர்த்துப் பார்க்கும்போது சுற்று போலத் தெரியலாம் என்று காட்டினார்கள். எனவே ஒரே ஒரு சுற்றைப் பார்த்து யாரையும் முரண்பட்டவர் என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டு மூன்று வாரம் கழித்து அதே 21 கேள்விகளை மறுபடி கேளுங்கள். அதே சுற்று அதே திசையில் வந்தால் அளவுகோல்கள் மோதுகின்றன. இடம் மாறி வந்தால் அது அன்றைய மனநிலை.

வ்ரூமின் கோட்பாடு தோற்றுவிட்டதா?

இல்லை. தவறாகப் பயன்படுத்தப்பட்டது என்பேன். அது ஒரு மனிதர் தன் முன்னே உள்ள வழிகளில் எதைத் தேர்வார் என்பதற்கான கோட்பாடு. பல ஆய்வாளர்கள் அதை வைத்து ராமனையும் குமாரையும் ஒப்பிட்டு யார் அதிகம் உழைப்பார் என்று பார்த்தார்கள். 1996இல் வான் ஏர்டேயும் தியரியும் 77 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒரே ஆளுக்குள் ஒப்பிட்ட ஆய்வுகளில்தான் கோட்பாட்டின் கணிப்புக்கும் நடப்புக்கும் உள்ள தொடர்பு வலுவாக இருந்தது. என் ஐந்தும் உங்கள் ஐந்தும் ஒரே ஐந்து இல்லை.

சுற்று வந்துவிட்டால் எப்படி முடிவெடுப்பது?

எது பெரிது என்று கேட்பதை நிறுத்திவிட்டு, எவ்வளவு விட்டுக்கொடுப்பாய் என்று கேட்க வேண்டும். தம்பியிடம் அப்படித்தான் கேட்டேன். மில்லில் உள்ள நிச்சயமின்மையை மதுரையின் நிரந்தர வேலையாக மாற்ற மாதம் எத்தனை ரூபாய் விடுவாய்? 15,000 என்றான். சென்னைக் கம்பெனியின் நிலைப்புக்கு? நாலாயிரம். சென்னையில் இல்லாமல் ஊரிலேயே இருக்க? ஆறாயிரம். பஸ்ஸில் போய் வந்து ராத்திரி வீட்டில் படுக்க? நாலாயிரம்.

கூட்டினோம். சென்னை 46,000. மில் 40,000. மதுரை 47,000. சுற்று போய்விட்டது, ஆனால் முதல் இரண்டுக்கும் நடுவில் ஆயிரம்தான். அவன் கை ஆடினால் மாறிவிடும்.

சித்தி அதுவரை பேசாமல் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். “மெட்ராஸ்ல ரூம் வாடகை யாரு குடுப்பா?” என்றார். மூன்று நாளாகச் சம்பளம் சம்பளம் என்று பேசியதில் வாடகையை யாருமே கழிக்கவில்லை. ஏழாயிரம் போட்டு சென்னையை 39,000 ஆக்கினான். மதுரைக்குப் பஸ் செலவு நாலாயிரம் கழித்து 43,000. தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, மதுரைக்கு எந்தத் தேதிக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று கடிதத்தைத் தேடப் போனான்.